உளுந்துக் காட்டில் நிற்கும் மோரிஸ் மைனர்

கோவில்பட்டி பழைய பிரிட்டிஷ் கார் சங்கம்
கோவில்பட்டி
21-10-2024

திருமதி செண்பகவல்லி காசிராஜன் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் ஏழு கார்கள் இருக்கின்றன. எல்லாம் இங்கிலாந்தில் செய்தவை, அல்லது இங்கிலாந்துக்காரன் போட்ட வரைபடத்தை வைத்து இங்கே செய்தவை. மாதத்தில் இரண்டாம் ஞாயிறு காலை ஏழும் வரிசையாகப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய்த் திரும்பும். எல்லாவற்றிலும் மெதுவாகப் போகும் கார்தான் முன்னால் போக வேண்டும். வழியில் ஒரு கார் நின்றுவிட்டால் மற்ற ஆறும் நிற்க வேண்டும். இது சங்கத்தின் முதல் விதி.

சென்ற 13-ஆம் தேதி, ஆயுத பூஜை முடிந்த கையோடு, கயத்தாறு வரை ஓட்டம் வைத்திருந்தோம். இடைசெவலைத் தாண்டியதும் தங்கள் நிலத்தின் வண்டித்தடத்தில் கார்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க உறுப்பினர்கள் விரும்பினார்கள். முந்தின நாள் தூறல் விழுந்திருந்தாலும் மண் மேலே காய்ந்துதான் தெரிந்தது. படத்தில் நடுவில் தெரிய வேண்டும் என்பதற்காகச் செயலாளரின் கார் (மோரிஸ் மைனர், 1955) தடத்தை விட்டு நாற்பது அடி உள்ளே இறங்கியது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மற்ற ஆறு கார்களும் பின்வாங்கித் தார்ச்சாலைக்குப் போய்விட்டன. மோரிஸ் மட்டும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்ததில் பம்பர் தனியாக வந்தது, கார் வரவில்லை.

மழை விட்டு நிலம் இறுகியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அதற்குள் தாங்கள் காரைச் சுற்றி உளுந்து விதைத்துவிட்டதாகச் சங்கத் தலைவர் திரு. மாரிராஜ் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். டிராக்டர் ஒரு தடவை போய்த் திரும்ப எட்டடி அகலம் போதும். நம்ம காடு என்ற உரிமையில்தான் கேட்கிறேன். அனுமதி தந்து உதவ வேண்டும்.

இப்படிக்கு,
பாண்டியராஜன்
செயலாளர்

பின்குறிப்பு: ஐந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் தபால்.

*

இடைசெவல்
25-10-2024

செயலாளர் அவர்களுக்கு,

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். கூடப்பிறந்த தங்கச்சிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்ட அண்ணன் இந்தத் தாலுகாவில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். "ஏதாவது கோர்ட்டு நோட்டீஸா அக்கா?" என்று அவர் கேட்டார். இல்லையப்பா, அம்மையீர் நோட்டீஸ் என்றேன்.

முதலில் ஒன்று. அது நம்ம காடு இல்லை. என் காடு. அப்பா காரை உங்களுக்கும் காட்டை எனக்கும் எழுதிவைத்தார். நீங்கள் காருக்குள் யாரையும் ஏற்றுவதில்லை. நானும் காட்டுக்குள் யாரையும் இறக்குவதில்லை.

விதைப்புக்கு வருகிறேன். 13-ஆம் தேதி பெய்த மழைக்கு 18-ஆம் தேதி மண்ணில் விதைக்கிற பதம் வந்தது. கரிசலில் பதம் மூன்று நாள் நிற்கும், அதற்குமேல் பாளம் பாளமாக வெடித்துவிடும். உங்கள் பம்பருக்காக அது காத்திருக்குமா? காரைச் சுற்றி ஒரு முழம் விட்டு விதைக்கச் சொன்னேன். அந்த மரியாதையே அதிகம் என்று விதைக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம், மத்தியானம், மழை. உங்கள் மாப்பிள்ளைக்கு, இசக்கிச்செல்வி அப்பாவுக்கு நெஞ்சுவலி, காரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று உங்களுக்கு போன் போட்டேன். "இந்தா வாரேன்" என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து நீங்களே கூப்பிட்டு, "பேட்டரி இறங்கிட்டுட்டி, கார் கிளம்ப மாட்டேங்குது" என்றீர்கள். மறுநாள் காலையில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

அன்றைக்கு அவருக்காக இந்தச் சகதிக்கு வராத கார், இன்றைக்கு போட்டோவுக்கு வந்திருக்கிறது. வந்ததுதான் வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். உளுந்துக்கு எழுபத்தைந்து நாள். அறுவடை முடியாமல் என் காட்டில் டிராக்டர் இறங்கக் கூடாது. யாரையாவது அனுப்பித் தார்ப்பாய் போர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் வர வேண்டாம்.

செண்பகவல்லி

*

கோவில்பட்டி
4-11-2024

தங்கச்சி செண்பகத்துக்கு,

ரிஜிஸ்டர் தபால் மாரிராஜ் அண்ணாச்சியின் யோசனை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கத்து வாட்ஸ்அப்பில் யார் காரின் ஹாரன் அசல், யார் காரின் ஹாரன் போலி என்று ஒரு பேச்சு ஆரம்பித்தது. அது முற்றி இரண்டு பேர் காரோடு வெளியேறிவிட்டார்கள். அன்றிலிருந்து முறையீடு எதுவானாலும் எழுதித் தபாலில்தான் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். தபால் போய்ச் சேருகிற நேரத்தில் பாதிக் கோபம் ஆறிவிடும் என்பார் அண்ணாச்சி. உன் கடிதத்தைப் பார்த்தால் அவர் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது என்று தெரிகிறது.

தீபாவளிக்குப் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வரவில்லை. உன் மதினி கற்பகம் முறுக்குச் சுட்டு இரண்டு டப்பாவில் போட்டு வைத்தாள். ஒரு டப்பா அப்படியே இருக்கிறது. உனக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டாள்.

நீ பழசைக் கிளறியிருக்கிறாய். எத்தனை தடவை சொல்லியாயிற்று, பேட்டரிதான் இறங்கிவிட்டது. மழைக்காலம், பழைய பேட்டரி, பழைய வயர். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், நீ கிளறியதால் நானும் கேட்கிறேன். ஆம்புலன்ஸ் இருக்கிறது. உன் பக்கத்து வீட்டில் அப்போதே வேன் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, அறுபது வயசு காரை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் உட்கார்ந்திருக்கிறவனை ஏன் கூப்பிட்டாய்? உன் மதினியும் அன்றைக்கே இதைக் கேட்டாள். பழி என் தலையில் விழுந்தது விழுந்ததுதான். சுமக்கிறேன். ஆனால் வருஷம் ஏற ஏறத் தோள் தாங்கவில்லை.

தார்ப்பாயோடு மெக்கானிக் சங்கிலிப்பாண்டியை அனுப்புகிறேன். நல்ல மனுஷன். திட்டாதே.

உன் அண்ணன்,
பாண்டியராஜன்

*

இடைசெவல்
14-11-2024

அண்ணாச்சி சங்கிலிப்பாண்டி வந்தார். தார்ப்பாயைப் போர்த்தி நாலு பக்கமும் கல் கட்டிவிட்டுப் பதினாலு செடியை மிதித்துவிட்டுப் போனார். திட்டவில்லை. மோர் கொடுத்தேன்.

ஆம்புலன்ஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

பயிர் நன்றாக முளைத்திருக்கிறது. இந்த வருஷம் காட்டுப்பன்றித் தொந்தரவு அதிகம், வடக்கே எல்லாருடைய காட்டையும் கிளறிப் போட்டிருக்கிறது. உங்கள் தார்ப்பாய் காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொள்வதால் என் காட்டுப் பக்கம் பன்றி வரவில்லை. அந்த அளவுக்கு உங்கள் காரால் உபயோகம்.

முறுக்கு வேண்டாம். மதினியை நான் கேட்டதாகச் சொல்லவும்.

செண்பகவல்லி

*

கோவில்பட்டி
9-12-2024

தங்கச்சிக்கு,

நேற்று இரண்டாம் ஞாயிறு. கழுகுமலைக்குப் போய்விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

கார் இல்லாத செயலாளராக இரண்டு ஓட்டம் போய்விட்டேன். போன மாதம் ஓட்டப்பிடாரம். மாரிராஜ் அண்ணாச்சியின் ஆஸ்டினில் பின் சீட்டு. அந்தக் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். வ.உ.சி. வீட்டு முன்னால் கார்களை நிறுத்தினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்க்கும். ஒவ்வொருவரும் அவரவர் காரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "தாத்தா, உங்க கார் எது?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. உளுந்துக் காட்டில் நிற்கிறது என்றா சொல்வது? சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்றேன்.

நேற்று ஏழில் நாலுதான் வந்தன. சோலைராஜ் தன்னுடைய ஸ்டாண்டர்டு டென்னைக் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு விற்றுவிட்டான். மாப்பிள்ளையும் பெண்ணும் சாய்ந்து நின்று கல்யாணப் படம் எடுக்கவாம். ஓட வேண்டியதில்லை, நின்றால் போதும் என்று வாங்கினவர்கள் சொன்னார்களாம். அதைச் சோலைராஜ் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது வழியில் லேண்ட் ரோவர் கொதித்து நின்றது. விதிப்படி நாலும் நின்றன. முன்னெல்லாம் இப்படி நின்றால் ஒரு திருவிழாவாக இருக்கும். ஆளுக்கொரு யோசனை சொல்வான், ஒருவன் தண்ணீருக்கு ஓடுவான், ஒருவன் டீ வாங்கி வருவான். நேற்று பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு நாலைந்து கிழவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் போன பஸ்ஸிலிருந்து ஒருவன், "என்ன பெரிசு, தள்ளணுமா?" என்று கேட்டான்.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், ஜனவரி 12-ஆம் தேதி மதுரை, நெல்லை, நாகர்கோவில் சங்கங்கள் எல்லாம் பொங்கலை ஒட்டிக் கோவில்பட்டிக்கு வருகின்றன. முப்பது காருக்கு மேல் வரும். முதன்முறையாக நம்ம ஊரில். சொந்தக் காரை ஓட்டிவராதவன் செயலாளராக எப்படி முன்னால் நிற்பது என்று சங்கத்தில் பேச்சு வந்துவிட்டது. நியாயம்தான். மில் வேலையை விட்டு வந்த பிறகு எனக்கு மாதத்தில் ஒரு நாள்தான் இருக்கிறது, செண்பகம். மற்ற இருபத்தொன்பது நாளும் அந்த நாளுக்குக் காரைத் துடைக்கிற நாள்.

எட்டடி அகலம். ஒரே ஒரு தடவை. யோசித்துப் பார்.

உன் அண்ணன்,
பாண்டியராஜன்

*

இடைசெவல்
16-12-2024

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

போன வாரம் மழை தெரியுமே. அன்றைக்குக் காலையில் பயிரில் புழு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். மழை கொட்டோ கொட்டென்று பிடித்துக்கொண்டது. ஒதுங்க அந்தக் காட்டில் ஒரு மரம் கிடையாது. வேறு வழியில்லாமல் தார்ப்பாயைத் தூக்கி உங்கள் காருக்குள் ஏறிவிட்டேன். கதவைப் பூட்டாமலேயே விட்டிருக்கிறீர்கள்.

முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா காலத்தில் எனக்கும் அம்மாவுக்கும் எப்போதும் பின்னால்தான். நீங்கள்தான் முன்னால். ஐம்பத்தெட்டு வயசில் என் சொந்தக் காட்டுக்குள் அந்த இடம் கிடைத்திருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கார் ஒழுகவே இல்லை. அந்த மட்டுக்கு நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள்.

இறங்கும்போது சீட்டுக்கடியில் காலில் இரும்பு தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஹேண்டில். முன்னால் செருகிச் சுற்றிக் காரைக் கிளப்புகிற ஹேண்டில். அப்பாவிடம் நல்ல பேட்டரி எப்போது இருந்தது? வருஷத்தில் பாதி நாள் இந்த ஹேண்டிலைச் செருகி மூன்று சுற்று சுற்றுவார், கார் கிளம்பிவிடும். அவர் வேட்டியை மடித்துக் கட்டினாலே ஹேண்டிலைத்தான் எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக இது எனக்கு ஞாபகம் வரவே இல்லை பாருங்கள். பேட்டரி என்றீர்கள், பேட்டரி என்றே நம்பினேன். எனக்கு மறந்தது சரி. நாலு ஜில்லாக்காரர்களுக்குக் காரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற செயலாளருக்கு ஹேண்டில் மறந்துவிட்டதா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்குக் கார் கிளம்பியதா, கிளம்பவில்லையா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எழுதினால் மறுநாளே டிராக்டரை விட்டுக்கொள்ளுங்கள். காய் பிடித்து நிற்கிற பயிர்தான். எட்டடி என்ன, எண்பதடி போனாலும் போகட்டும். எனக்கு இது தெரிந்தாக வேண்டும். உளுந்து அடுத்த வருஷமும் முளைக்கும்.

செண்பகவல்லி

*

கோவில்பட்டி
19-12-2024

தங்கச்சிக்கு,

நீ கேட்டது நியாயமான கேள்வி. பேட்டரி இறங்கியது உண்மை. ஹேண்டிலும் காரில்தான் இருந்தது, மறக்கவில்லை. ஆனால் அந்தச் சமயம் எனக்கு வலது தோளில் கடும் வலி. கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. ஹேண்டிலைச் சுற்றினால் திருப்பி அடிக்கும், கை முறிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுற்றிவிடத் தெருவில் வேறு ஆளும் இல்லை. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று தோள்வலியைச் சொல்லவில்லை. இதுதான் நடந்தது.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். 24-ஆம் தேதி காலையில் டிராக்டர் வரும். எவ்வளவு செடி போனாலும் அதற்கு ஈடு செய்துவிடுகிறேன்.

பாண்டியராஜன்

*

இடைசெவல்
22-12-2024

டிராக்டர் வேண்டாம்.

சட்டை போட முடியாத அந்தத் தோளில்தான் மறுநாள் அவருடைய பாடையைத் தூக்கினீர்கள். வாசலிலிருந்து சுடுகாடு வரை, வலது பக்கம், ஆள் மாற்றாமல். நான் அழுதுகொண்டிருந்தேன், ஆனால் பார்த்தேன்.

அறுவடை ஜனவரியில்.

*

கோவில்பட்டி
2-1-2025

செண்பகம்,

டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே டிராக்டர் வரட்டும் என்று சொன்னாலும் அனுப்பமாட்டேன். உளுந்து விளையட்டும். காருக்காக எழுதுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கார் கிளம்பியது. முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை, தோளுக்கு ஒன்றுமில்லை.

சங்கத்தை அப்போதுதான் தொடங்க இருந்தோம். அடுத்த ஞாயிறு முதல் ஓட்டம். ஆறு மாதமாகக் காரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்து, பெயிண்ட் அடித்துக் காய்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நீ போன் செய்ததும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். உன் மதினி தானும் வருகிறேன் என்றாள். மாப்பிள்ளையைப் படுக்கவைக்க இடம் வேண்டுமே என்று அவளை ஏற்றவில்லை. அதுவரைக்கும் நான் மனுஷனாகத்தான் இருந்தேன்.

உங்கள் ஊர் ஓடை வரைக்கும் வந்தேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் அளவு இருக்கும் என்று பட்டது. இரண்டு கரையும் சகதி. காரை ஓரமாக நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. இறக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் ஏறி நடு ஓடையில் நின்றுவிடும். நின்றால் மாப்பிள்ளைக்கும் பிரயோஜனமில்லை, எனக்கும் பிரயோஜனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டுமே இல்லை. அந்தப் பெயிண்ட் சகதியில் இறங்குவதற்கு என் மனசு ஒப்பவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு ரிவர்ஸ் எடுத்துத் திருப்பிவிட்டேன். மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி, அங்கே இருந்துதான் உனக்கு போன் போட்டு பேட்டரி என்று சொன்னேன்.

ஓடைக்கரையிலிருந்து உன் வீடு அரை மைல். காரை அங்கேயே போட்டுவிட்டு நடந்து வந்திருக்கலாம். இதை உனக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த யோசனையே எனக்கு வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் வந்து அதே ஓடையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கரண்டைக்கால் அளவுதான் இருந்தது. முந்தின நாளும் அவ்வளவுதான் இருந்திருக்குமோ என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் சங்கத்துக்கு விதிகள் எழுதச் சொன்னார்கள். ஒரு கார் நின்றால் எல்லாக் காரும் நிற்க வேண்டும் என்பதை முதல் விதியாக எழுதினேன். நல்ல விதி என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

படம் எடுக்க வேறு காடு கிடைக்காமலா உன் காட்டுக்கு வந்தோம்? நான்தான் அங்கே நிறுத்தச் சொன்னேன். ஏழு கார் சத்தம் கேட்டால் நீ வெளியே வந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். வந்து திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

29-ஆம் தேதி கூட்டத்தில் செயலாளர் பொறுப்பைச் சங்கிலிப்பாண்டியிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் கார் இல்லை, ஆனால் எல்லாக் காரையும் ஓட வைக்கிறவர் அவர்தான். 12-ஆம் தேதி நான் போகப்போவதில்லை. எனக்கு எதிலும் பிடிப்பு இல்லை. நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மாப்பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று நீ சொன்னாலும் மறுக்க என்னிடம் வார்த்தை கிடையாது.

பாண்டியராஜன்

*

இடைசெவல்
7-1-2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து திரும்பப் படித்தேன்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தண்ணீர் கரண்டைக்கால் அளவுதான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் மட்டும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பெயிண்டுக்காகத் திரும்பிப் போனீர்களே, அண்ணே. அதை நான் மறக்கப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். உங்களிடம் உண்மை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டு நான் மட்டும் எழுதாமல் இருந்தால் அது நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு போன் போட்டபோது அவர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு சத்தம் இல்லை. தண்ணீர் தெளித்தேன், நெஞ்சைத் தடவினேன், மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. எங்க மாமனார் போனபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன், அதனால் தெரியும். இசக்கிச்செல்வி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மழையில் தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. அவருடைய கையைக் கழுவிவிட்டேன். அப்புறம் உங்களுக்கு போன் போட்டேன்.

"அவிய போயிட்டாவ" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது. "நெஞ்சு வலிக்குங்காவ, காரை எடுத்துட்டு வாங்கண்ணே" என்றுதான் வாயில் வந்தது. ஆகையால் மாப்பிள்ளையை நீங்கள் கொல்லவில்லை. கார் வந்திருந்தாலும் அவரை அதில் ஏற்றி ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு ஓடையில் தண்ணீரே இல்லாவிட்டாலும் இதேதான்.

பதினோரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. இசக்கிச்செல்விக்கும் தெரியாது. சொல்லிவிட்டால் உங்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளைப் படிக்கவைத்தேன், தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தேன், மழை பொய்த்த வருஷமும் காட்டை விற்காமல் இருந்தேன். பாண்டியராஜன் மட்டும் அன்றைக்கு வந்திருந்தால் என்று ஊரில் நாலு பேர் சொல்லும்போது சும்மா இருந்தேன். என் பிழைதான். உங்கள் தோள் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் கை அசந்துபோயிற்று அண்ணே.

அன்றைக்கு எனக்குக் கார் தேவைப்படவில்லை. நான் கூப்பிட்டது உங்களை. நீங்கள் பேட்டரி என்று சொன்ன பிறகும், மழை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறவரைக்கும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். அப்பா இல்லை, அம்மா இல்லை. கூடப்பிறந்தவன் ஒருத்தன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உளுந்து நெற்றாகிவிட்டது. நாளை மறுநாள் ஆள் விட்டுப் பறிக்கிறோம். காரை இழுக்கிற வேலையை அண்ணாச்சி சங்கிலிப்பாண்டி பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மதினியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள். ஓடையில் தண்ணீர் கிடந்தாலும் நடந்து வாருங்கள்.

செண்பகம்